செத்த பற்றரிக்கு உயிர் வருமா?

நீர்வேலியில் என் வயதுக்காரர்களிடம் பற்றரியைப் பற்றிக் கேட்டால் முதலில் வெயிலைப் பற்றித்தான் சொல்வார்கள். 1990 ஜூனில் போர் மறுபடியும் தொடங்கியது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, பொருளாதாரத் தடையும் வந்தது. தடைசெய்யப்பட்ட பொருட்களில் ரோச் லைற் பற்றரியும் ஒன்று. காலையில் அம்மா செத்தல் மிளகாய் காயப்போடும் பாயின் ஓரத்தில் நான்கு பெரிய பற்றரிகளும் சேர்ந்து காயும். பின்னேரம் அவற்றை எடுத்து றேடியோவில் போட்டால் பிபிசி தமிழோசை கொஞ்ச நேரத்துக்குக் கேட்கும். சில நாட்களில் செய்தி முடிவதற்குள் குரல் தேய்ந்து போய்விடும். அப்போது அப்பா பற்றரிகளைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து உருட்டுவார்.

ஜாம் போத்தல் விளக்கைப் போல, மண்ணெண்ணெயில் ஓடிய கார்களைப் போல, இதுவும் அந்தக் காலத்தின் கெட்டித்தனங்களில் ஒன்றாக இன்று பேசப்படுகிறது. பெருமைப்பட நியாயம் உண்டு. ஆனால் அது எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கையையும் விட்டுப்போயிருக்கிறது: எந்தப் பற்றரி செத்தாலும் ஏதோ ஒரு வழியில் எழுப்பிவிடலாம் என்பது. அந்த நம்பிக்கையில் காசை விட்டவர்களை எனக்குத் தெரியும், நானும் விட்டிருக்கிறேன். காசு போனால் பரவாயில்லை. எங்கள் ஊரில் கிணறும் சேர்ந்து போகலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பொறியியலாளர் இல்லை. தடைக்காலத்தில் மாமா நடத்திய சார்ஜ் கொட்டிலில் எடுபிடியாக நின்றவன். அங்கே பார்த்ததும், பிறகு படித்து விளங்கிக்கொண்டதும்தான் கீழே இருப்பவை.

வெயில் செய்த வேலை

ரோச் லைற் பற்றரி சார்ஜ் பண்ணுவதற்காகச் செய்யப்பட்டது அல்ல. அதன் வெளிக்கோது நாகத் தகடு. உள்ளே நடுவில் கரிக்கோல், அதைச் சுற்றிக் கறுப்பு மங்கனீசு ஒட்சைட்டுப் பசை. மின்சாரம் எடுக்க எடுக்க நாகம் கரைந்து போகும். கரைந்த நாகத்தை வெயில் திருப்பித் தராது. வெயில் செய்தது வேறு வேலை. சூட்டில் உள்ளிருக்கும் ஈரமும் உப்பும் சற்று வேகமாகப் பரவும், பயன்படாமல் மிஞ்சிக் கிடந்த பசையும் வேலைக்கு வரும். அவ்வளவுதான். ஆணியால் துளையிட்டு உப்புத் தண்ணீர் விடுவதும் இதே வகைதான்: காய்ந்த பசை நனையும், அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ வேலை செய்யும், பிறகு அந்தத் துளையாலேயே ஒழுகி றேடியோவின் கம்பிச் சுருளைத் தின்றுவிடும். எங்கள் வீட்டு றேடியோ அப்படித்தான் முடிந்தது.

ஆகவே அது மீட்பு அல்ல, அடிச்சட்டியைச் சுரண்டியது. அதைப் புரிந்துகொண்டவர்கள் சீக்கிரமே சைக்கிள் டைனமோவுக்கு மாறினார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோ தரும் 6 வோல்ற் ஆடல் மின்னை டயோட்டுகளால் நேராக்கி, ஒரு கொன்டென்சரைக் குறுக்கே போட்டு றேடியோவுக்குக் கொடுப்பது. ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் கேட்பார்கள். எங்கள் வீட்டில் சுற்றுவது என் வேலை. அதனால் எனக்குச் செய்தியைவிடச் செய்தி எப்போது முடியும் என்பதில்தான் கவனம்.

மாமாவின் கொட்டில்

கார் பற்றரி வேறு சாதி. அது திரும்பத் திரும்பச் சார்ஜ் பண்ணவென்றே பிறந்தது. பிரான்ஸ் நாட்டுக் காஸ்ரன் பிளான்டே 1859 இல் ஈயத் தகடுகளையும் சல்பூரிக் அமிலத்தையும் வைத்துச் செய்த கலத்தின் அடிப்படை இன்றும் மாறவில்லை.

வாழைத்தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மெசினில் பெல்ற் போட்டு, பழைய மொறிஸ் மைனர் ஒன்றின் டைனமோவை மாமா சுழற்றினார். ஒரு சில துளி பெற்றோலில் மெசின் தட்டுப்படும், பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். கோப்பாயிலிருந்தும் சிறுப்பிட்டியிலிருந்தும் சைக்கிள் கரியரில் பற்றரியைக் கட்டிக்கொண்டு வருவார்கள். மாமா வாங்கியதும் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"எப்ப கடைசியா லைற் எரிஞ்சது?"

"ரெண்டு மாசம் இருக்கும், அண்ணை."

"ரெண்டு மாசம் வெறுமையாவோ வச்சிருந்தனீங்கள்? அப்ப நான் உறுதி சொல்லமாட்டன்."

அந்தக் கேள்வியின் அருமை எனக்கு அப்போது விளங்கவில்லை. பற்றரியிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேற்று படியும். அது நோய் அல்ல. பற்றரி வேலை செய்யும் முறையே அதுதான். உடனே சார்ஜ் பண்ணினால் அந்த மெல்லிய படிகங்கள் கரைந்து, அமிலம் அமிலமாகவும் ஈயம் ஈயமாகவும் பழைய நிலைக்குத் திரும்பும். வெறுமையாகக் கிடக்கவிட்டால் படிகங்கள் வாரக்கணக்கில் வளர்ந்து கல்லாகும். கல்லானது மின்சாரத்தைக் கடத்தாது, இலகுவில் கரையாது. கார் பற்றரிகள் வயது முடியும் முன்பே பழுதாவதற்கு மிகப் பொதுவான காரணங்களில் ஒன்று இதுதான்.

இதை மறக்க முடியாதபடி படித்தது 1996 இல். 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமமே தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது கொட்டில் நின்றபடி நின்றது. அடுத்த ஆண்டு சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்தோம். கூரை விழுந்திருந்தது, மெசின் இல்லை, பற்றரிகளில் பெரும்பாலானவை இல்லை. விழுந்த கிடுகுகளுக்கு அடியில் நான்கு மட்டும் கிடந்தன. இரண்டு அன்று சார்ஜ் முடிந்து சொந்தக்காரருக்காகக் காத்திருந்தவை. மற்ற இரண்டும் சார்ஜுக்கு வந்து வரிசையில் இருந்தவை. நிறைவாக இருந்த இரண்டில் ஒன்று, நான்கு நாள் மெதுவான சார்ஜுக்குப் பின் ஓரளவு எழும்பியது. வெறுமையாக இருந்த இரண்டும் எழும்பவேயில்லை. ஒரே கொட்டில், ஒரே வெக்கை, ஒரே ஆறு மாதம்.

எப்படி எழுப்புவது

மூடி கழற்றக்கூடிய ஈய அமிலப் பற்றரியைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன். முதலில் தகடுகள் நனைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். நனையவில்லை என்றால் தகடு மூடும் அளவுக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீர் விடுங்கள். முழு மட்டத்துக்கு நிரப்புவது சார்ஜ் முடிந்த பிறகுதான். முன்பே நிரப்பினால் சார்ஜாகும்போது பொங்கி வழியும்.

கிணற்றுத் தண்ணீர் விடக்கூடாது. எங்கள் கேத்திலின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பைப் பார்த்தாலே காரணம் விளங்கும். தண்ணீரிலுள்ள குளோரைட்டும் தகட்டை அரிக்கும். தடைக்காலத்தில் மாமா ஐப்பசி, கார்த்திகை மழையில் முற்றத்தின் நடுவே, கூரைத் தண்ணீர் படாதபடி பிளாஸ்ரிக் வாளி வைத்து, வெள்ளைத் துணியில் வடித்துப் போத்தல்களில் அடைத்து வைத்திருப்பார். காய்ச்சி வடித்த நீர் கிடைக்காத காலத்துக்கு அது நல்ல மாற்று. இன்று கடையில் வாங்கலாம்.

பிறகு மெதுவான சார்ஜ். 60 அம்பியர் மணித்தியாலப் பற்றரி என்றால் 2 அல்லது 3 அம்பியருக்கு மேல் வேண்டாம். கல்லானதைக் கரைக்க அவசரம் உதவாது, சூடுதான் ஏறும். ஒரு நாளும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். பக்கத்தைத் தொட்டுக் கை பொறுக்காத சூடு என்றால் நிறுத்தி ஆறவிட வேண்டும். சார்ஜாகும்போது ஐதரசன் வாயு வரும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். கொட்டிலில் பீடியோடு வந்த ஒருவரை மாமா துரத்தியது மரியாதைக் குறைவால் அல்ல. கண்ணாடியும் கையுறையும் அவசியம். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும்.

மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஹைட்ரோமீற்றரால் ஆறு அறைகளையும் அளக்க வேண்டும். நிறைந்த பற்றரியில் அமிலத்தின் ஒப்படர்த்தி 1.26 முதல் 1.28 வரை நிற்கும், வெறுமையானதில் 1.12 அளவுக்கு இறங்கும். மூன்று அளவீடுகள் தொடர்ந்து ஏறாமல் ஒரே இடத்தில் நின்றால் அதற்கு மேல் அந்தப் பற்றரி தரப்போவதில்லை. எல்லா அறைகளும் 1.25 ஐத் தாண்டி, இரவு முழுக்கச் சும்மா வைத்த பிறகும் 12.6 வோல்ற் நின்றால், ஒரு பல்ப்பைப் பூட்டி எத்தனை மணித்தியாலம் எரிகிறது என்று பாருங்கள். உண்மையான பரீட்சை அதுதான். வோல்ற் மீற்றர் மட்டும் பொய் சொல்லும்: கல்லான பற்றரியும் சார்ஜரைக் கழற்றிய கையோடு 12.8 காட்டும், ஸ்டாட்டரைத் தட்டினால் உடனே விழுந்துவிடும்.

எழும்பாதவற்றை முன்கூட்டியே அறியலாம். முழுச் சார்ஜுக்குப் பிறகும் 10.5 வோல்றில் நின்றால் ஆறு அறைகளில் ஒன்று உள்ளுக்குள் முட்டிவிட்டது என்று அர்த்தம். ஓர் அறை ஏறத்தாழ 2.1 வோல்ற். ஓர் அறையின் ஒப்படர்த்தி மட்டும் மற்றவற்றைவிட 0.05 குறைந்து நின்றாலும் அதே கதை. அமிலம் கறுப்பாகக் கலங்கி வந்தால் தகட்டின் பசை உதிர்ந்து அடியில் கிடக்கிறது. உதிர்ந்ததை ஒட்ட வழியில்லை. தகட்டின் ஈயச் சட்டம் அரித்துப்போனாலும் அப்படித்தான். நீண்ட நாள் நன்றாக உழைத்து வயது முடிந்த பற்றரி பெரும்பாலும் இப்படித்தான் போகும். எழுப்பக்கூடியது, கவனிக்காமல் விடப்பட்டதால் நோயாளியானது. அதுவும் அதிக நாள் ஆகாமல் இருந்தால்.

'பழைய அசிற்றை ஊத்திவிட்டுப் புது அசிற் விடுவது' ஊரில் பலரும் செய்யும் வைத்தியம். அது கூடாது. அமிலத்தில் குறைந்த சல்பேற்று வேறெங்கும் போகவில்லை, தகட்டில்தான் இருக்கிறது. புது அமிலம் விட்டுச் சார்ஜ் பண்ணினால் தகட்டில் உள்ளதும் வெளியே வந்து அமிலம் அளவுக்கு மீறி உறைப்பாகும், மிஞ்சிய தகட்டையும் அரிக்கும். நான் ஒரு கடையில் 'புதுசு மாதிரி' என்று வாங்கிய பற்றரி இருபதாவது நாள் நின்றது. திறந்து அளந்தபோது ஒப்படர்த்தி 1.30 க்கு மேல் காட்டியது.

மருந்துத் தூள்கள் பற்றியும் ஒரு வார்த்தை. எப்சம் உப்பு, அந்தத் தூள், இந்தத் திரவம் என்று விற்கிறார்கள். இது பழைய வியாபாரம். அமெரிக்காவில் ஏடி-எக்ஸ்2 என்ற பெயரில் சோடியம் சல்பேற்றும் மக்னீசியம் சல்பேற்றும் கலந்த தூள் விற்கப்பட்டது. அதனால் பயன் எதுவும் இல்லை என்று அந்நாட்டின் தேசிய நியமங்கள் பணியகம் சோதித்துச் சொன்னது. வியாபாரியின் பக்கம் நின்ற வர்த்தகச் செயலாளர் 1953 இல் பணியகத்தின் தலைவர் அலன் அஸ்ரினைப் பதவி விலகச் செய்தார். விஞ்ஞானிகள் கொதித்தெழுந்ததால் அவரைத் திரும்பவும் அமர்த்த வேண்டி வந்தது. தேசிய விஞ்ஞானக் கழகம் அமைத்த குழுவும் பணியகம் சொன்னதே சரி என்றது. எழுபது வருடத்துக்குப் பிறகும் தூள் விற்பனை நிற்கவில்லை.

இன்றைய பற்றரிகள்

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது, கொட்டில் காலத்து ஆட்கள் சிரித்துக்கொண்டோம். இளம் ஆட்கள் இன்வேர்ட்டர் வாங்கினார்கள். நெருக்கடி குறைந்ததும் அந்தப் பற்றரிகள் பல வீடுகளில் மூலையில் வெறுமையாகக் கிடந்தே கல்லாகின. அவற்றில் பல மூடி முத்திரையிட்டவை. உள்ளே அமிலம் பசையாகவோ பஞ்சில் ஊறியோ இருக்கும். மூடியைக் கிளப்பிச் சில மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீர் விட்டால் கொஞ்சக் காலம் ஓடக்கூடும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். வெக்கையும் எங்களுக்கு எதிரி: 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 8 அல்லது 10 பாகைக்கும் ஈயப் பற்றரியின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. தகரக் கூரைக்குக் கீழே பற்றரி வைத்திருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இப்போது பெரிய காசு புழங்குவது ஹைபிரிட் கார்களில். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 வரை தனிப்பட்ட பாவனைக்குத் திறக்கப்படாததால், இருக்கிற பிரியஸையும் அக்குவாவையும் எப்படியாவது ஓட்ட வேண்டியிருந்தது. இரண்டாம் தலைமுறைப் பிரியஸில் 7.2 வோல்ற் நிக்கல் தொகுதிகள் 28 இருக்கும், மொத்தம் 201.6 வோல்ற், அக்குவாவில் 20. பெரும்பாலும் ஒன்றிரண்டுதான் முதலில் தளரும், ஆனால் கார் முழுப் பற்றரியும் பழுது என்று விளக்கு எரிக்கும். ஒவ்வொன்றையும் தனியே பலமுறை நிரப்பி வெறுமையாக்கி, கொள்ளளவை அளந்து, தளர்ந்ததை மாற்றி, ஒத்தவற்றைச் சோடி சேர்ப்பதுதான் நேர்மையான திருத்த வேலை. அதற்கு நாட்கள் எடுக்கும். 'காலையில விடுங்கோ, பின்னேரம் எடுங்கோ' என்றால் ஒன்றிரண்டை மட்டும் மாற்றப்போகிறார்கள். சில மாதத்தில் அடுத்தது விழும். தொகுதிக்குத் தொகுதி அளந்த கணக்கைக் கேளுங்கள். பின்பக்கக் காற்றாடியின் வலையில் தூசி அடைத்ததா என்றும் பாருங்கள். பற்றரி சூடேறிச் சாவதற்கு அதுவும் ஒரு காரணம். 200 வோல்ற் நேர் மின்னை வீட்டில் திறந்து பார்க்க வேண்டாம்.

போன், லப்ரொப் பற்றரிகள் லிதியம். அவற்றை எழுப்ப முயல வேண்டாம். அளவுக்கு மீறி வெறுமையான லிதியம் கலத்தில் உள்ளிருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் பண்ணும்போது அந்தச் செப்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே முட்டி, தீப்பிடிக்கலாம். குளிர்ப்பெட்டியில் வைப்பது, வேறு பற்றரியால் உதைப்பது எல்லாம் தீயோடு விளையாட்டு. ஊதிப்போனதைக் குத்தவும் வேண்டாம்.

அசிற் போகும் இடம்

மாமாவின் கொட்டிலில் எழும்பாத பற்றரியின் அசிற்றை எங்கே ஊற்றினோம்? வளவின் வடக்கு மூலையில். அங்கே நின்ற தேசிமரம் ஒரு வருடத்தில் பட்டது. கிணறு அதிலிருந்து முப்பது அடி. அப்போது யாரும் அதை யோசிக்கவில்லை, ஷெல் விழும் காலத்தில் தேசிமரத்துக்கு யார் அழுவது.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. குடிக்கவும் வாழைக்கு இறைக்கவும் நிலத்தடி நீர்தான். எங்கள் செம்மண்ணுக்குக் கீழே வெடிப்பும் குகையுமான சுண்ணக்கல். மேலே ஊற்றுவது கீழே போக அதிக காலம் எடுக்காது. வடமேற்கே சில மைலில் சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில், பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்குமாறு 2019 இல் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. எண்ணெய் மணத்தது, மிதந்தது, ஆகவே தெரிந்தது. ஈயம் மணக்காது.

சுண்ணக்கல் அமிலத்தைத் தணித்துவிடும், பயமில்லை என்று சொல்பவர்கள் உண்டு. அமிலம் தணியும், உண்மைதான். அதோடு வந்த ஈயம் அழியாது. பெரும்பகுதி மேல்மண்ணிலேயே தங்கி, புழுதியாகி, தவழும் பிள்ளையின் கையால் வாய்க்குப் போகும். பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். செனகலின் டாக்கார் நகரப் புறத்தில், தியாரோய் சுர் மேர் என்ற இடத்தில், பழைய பற்றரிகளிலிருந்து ஈயம் எடுத்த தெருக்களில் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையே 18 பிள்ளைகள் இறந்தார்கள். அங்கே நடந்தது பெரிய அளவிலான தொழில், ஒரு வளவில் நடப்பதோடு ஒப்பிட முடியாது. ஆனால் வீட்டில் ஈயம் உருக்கி வலைக்குக் குண்டு வார்ப்பவர்கள் எங்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள்.

போன மாதம் எழும்பாத இரண்டு பற்றரிகளை விற்கக் கொண்டுபோனேன். பழைய இரும்புக் கடைத் தம்பி தூக்கிப் பார்த்தார்.

"அசிற்றை ஊத்திப்போட்டுக் கொண்டு வாங்கோ, ஐயா. அசிற்றோட நிறுக்கமாட்டம்."

"எங்க ஊத்துறது, தம்பி?"

"உங்கட வளவுக்குள்ள எங்கையாவது ஒரு மூலையில."

திருப்பிக் கட்டிக்கொண்டு வந்தேன். பிறகு விசாரித்து, புதுப் பற்றரி விற்கும் கடை ஒன்றில், அசிற்றோடு அப்படியே எடுப்பதாகச் சொன்னார்கள்; கிலோவுக்குக் கொஞ்சம் குறைத்துத்தான் தந்தார்கள். மூடிகளை இறுக்கி, நிமிர்த்தி வைத்து, கீழே பிளாஸ்ரிக் தட்டு வைத்து ஓட்டோவில் கொண்டுபோனேன். நீர்வேலிச் சந்தியிலிருந்து ஓட்டோக் கூலி, குறைத்த விலை இரண்டையும் கழித்தும் கையில் கொஞ்சம் மிஞ்சியது. வடக்கு மூலையில் இப்போது செவ்வரத்தை நிற்கிறது. அங்கே கீரை போட வேண்டாம் என்று மட்டும் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.